வண்டியில் இருக்கும் இன்னொரு ஆயில்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை காலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் வந்த கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



செயலாளர் சார் போன மாதம் லிஃப்ட் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், இந்தத் தடவை நீங்கதான் பேசணும். ஃபிக்ஸட் டெபாசிட், வருமான வரின்னு ஏதாவது சொல்லுங்க" என்றார். நான், "கியர் ஆயில் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு ஆள் வருமா சார்?" என்றார். வந்திருக்கிறீர்கள். காபி உண்டு என்று நோட்டீஸில் போட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். எப்படியோ வந்தீர்களே, நன்றி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருடம் வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருந்தவன். லெட்ஜர்தான் எனக்குத் தெரிந்த இயந்திரம். பிறகு எதற்கு இந்த வேலை என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நம் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. என் மருமகளின் ஸ்கூட்டரும் அதில் இரண்டு நாள் நின்றது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரையும் போல நாங்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டோம். பத்து நாள் கழித்து வண்டி வந்தது. இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் என்று நீளமான பில். கீழே கையெழுத்துப் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

வவுச்சரைப் புரட்டிப் பார்க்காமல் ஒரு நாள்கூட இனிஷியல் போட்டதில்லை என்று பேரனிடம் பெருமை அடித்துக்கொள்பவன் நான். அன்று அந்தப் பில்லை வரி வரியாகப் படிக்கவில்லை. அதில் இன்ஜின் ஆயில் இருந்தது. கியர் ஆயில் என்ற வரியே இல்லை. அப்படி ஒன்று வண்டியில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பிறகு எங்கே தேடுவது?

ஆறு மாதம் கழித்து மருமகள், "மாமா, பின்னாடி ஏதோ உறுமற மாதிரி இருக்கு" என்றாள். "டயர் தேஞ்சு போச்சும்மா" என்று தீர்ப்புச் சொன்னேன். டயரை மாற்றினோம். உறுமல் நிற்கவில்லை. "புது டயர், பழகினா சரியாகிடும்" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை 8 மணி. பேரனை முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. பிரேக் பிடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சக்கரம் தானாக நின்றுவிட்டது. வண்டி சறுக்கிச் சாய்ந்தது. வளைவு என்பதால் வேகம் இருபதுக்குள்தான் இருந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரர் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டார். பேரனுக்கு முழங்காலில் மூன்று தையல், மருமகளுக்குக் கை வீக்கம். அவ்வளவோடு போயிற்று. அந்த லாரிக்காரர் அன்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் ராத்திரியில் எனக்குத் தூக்கம் கலைகிறது.

தெருமுனை மெக்கானிக் பின்பக்கத்தைப் பிரித்தார். உள்ளே இருந்து காபி நிறத்தில் குழம்பு மாதிரி ஏதோ வழிந்தது. "சார், இது ஆயில் இல்ல, பாயசம்" என்றார். தண்ணீரும் ஆயிலும் கலந்து அடித்த கூழ். பேரிங் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. "கியர் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டார். வண்டிக்கு அப்போது ஐந்து வயது. என்னிடம் பதில் இல்லை. செலவு 6,840 ரூபாய். மாற்றியிருக்க வேண்டிய ஆயிலின் விலை நூற்றுச் சொச்சம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் இரண்டு ஆயில் உண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த இன்ஜின் ஆயில். இன்ஜினிலிருந்து பின்பக்கம் போவது ஒரு ரப்பர் பெல்ட். அந்தப் பெல்ட் பெட்டிக்குள் ஆயில் கிடையாது, உலர்ந்துதான் ஓடும். பெல்ட் முடிகிற இடத்தில், பின்சக்கரத்தை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் சில பல்சக்கரங்கள். வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டிச் சக்கரத்துக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. ஃபைனல் டிரைவ் என்று கையேட்டில் போட்டிருக்கும். மெக்கானிக்குகள் கியர் பாக்ஸ் என்பார்கள். இந்தப் பெட்டிக்குத் தனி ஆயில். எங்கள் வண்டியில் அது 120 மி.லி. ஒரு டம்ளர் காபியைவிடக் குறைவு.

வண்டியின் எடை, நம் எடை, பின்னால் உட்காருபவர் எடை, காஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு போனால் அதன் எடை, எல்லாவற்றையும் இழுக்கும் விசை அந்தப் பல்சக்கரங்கள் வழியாகத்தான் போகிறது. ஒரு பல் இன்னொரு பல்லைத் தொடும் இடம் மிகச் சின்னது, அழுத்தமோ மிக அதிகம். நடுவே ஆயில் படலம் இல்லாவிட்டால் இரும்பு இரும்பை உரசும்.

இந்த ஆயிலை ஏன் மறந்துபோகிறோம்? இன்ஜின் ஆயில் போல இதன் பக்கத்தில் பெட்ரோல் எரிவதில்லை, ஆகவே அது சீக்கிரம் கறுப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் அளந்து பார்க்கக் குச்சி கிடையாது. எச்சரிக்கை விளக்கும் கிடையாது. வங்கியில் இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கை இன்ஆபரேடிவ் என்று ஒதுக்கி வைப்போம். வீட்டுக்காரரே மறந்துபோன கணக்கு அது. இந்தப் பெட்டியும் அப்படித்தான்.

ஆனால் அது முழுக்க மூடிய பெட்டி இல்லை. உள்ளே சூடாகும் காற்று வெளியேற ஒரு சின்ன மூச்சுக்குழாய் வைத்திருப்பார்கள். வெள்ளத்தில் மூழ்கினால் அது வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். இறங்கிய தண்ணீர் பெல்ட் பெட்டியிலிருந்து வடியலாம், கியர் பெட்டியிலிருந்து தானாக வடியாது.

உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்றைய சாதாரண கியர் பைக்குகளில் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அங்கே ஃபைனல் டிரைவ் என்பது செயின். அதைச் சுத்தம் செய்து எண்ணெய் காட்டினால் போதும். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டில் இன்ஜினுக்கு, கிளட்ச் பெட்டிக்கு, கியர் பாக்ஸுக்கு என்று மூன்றும் தனித்தனி. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் பெட்ரோலோடு எரிகிற ஆயில் வேறு, கியர் பாக்ஸ் ஆயில் வேறு. செயினுக்குப் பதிலாக ஷாஃப்ட் வைத்த வண்டிகளும் உண்டு. பி.எம்.டபிள்யூ. 1923-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளையே ஷாஃப்ட் வைத்துத்தான் செய்தது. அந்த வகைப் பழைய பாக்ஸர் வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு ஓர் ஆயில், பின்சக்கரத்தில் இருக்கும் ஃபைனல் டிரைவுக்கு இன்னோர் ஆயில்.

எந்த வண்டியானாலும் மாற்றும் முறை ஒன்றுதான். எங்கள் ஸ்கூட்டரை வைத்துச் சொல்கிறேன்.

பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் முழுக்க வடியும். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். சாவியை எடுத்துப் பையில் வையுங்கள். பெட்டியில் இரண்டு போல்ட் இருக்கும். பக்கவாட்டில் உள்ளது ஊற்றும் போல்ட், அடியில் உள்ளது வடிக்கும் போல்ட். இரண்டையும் சுற்றி ஒட்டியிருக்கும் மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் உள்ளே போகும்.

முதல் விதி: ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றுங்கள். இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் தடவை உற்சாகத்தில் அடி போல்ட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டேன். பிறகு மேல் போல்ட் அசையவில்லை. ஸ்க்ரூ ஸ்பேனரை வைத்துத் திருகினேன், போல்ட்டின் முனைகள் மழுங்கியதுதான் மிச்சம். காலியான பெட்டியோடு வண்டி ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றது. பணம் போடும் கவுண்டர் திறக்குமா என்று பார்க்காமல் லாக்கரைக் காலி செய்தவன் கதை. சரியான அளவு ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ மட்டும் பயன்படுத்துங்கள்.

மேல் போல்ட் கழன்ற பிறகு, கீழே தட்டு வைத்து அடி போல்ட்டைக் கழற்றுங்கள். வடிந்ததும் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பல் இடுக்கில் நிற்பதும் வந்துவிடும்.

இரண்டாவது விதிதான் நான் இன்று சொல்ல வந்ததே. வெளியே வந்ததை அளக்காமல் உள்ளே ஊற்றாதீர்கள். பல வருடத்துக்கு முன்னால் திண்டுக்கல் கிளையில் இருந்தபோது பழைய புல்லட் ஒன்று வைத்திருந்தேன். அங்கே ஒரு வயதான மெக்கானிக், வடித்த ஆயிலைக் கொட்டாமல் அளவு ஜாடியில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். "பெட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு வெளிய வந்ததுதான் சார் சொல்லும்" என்பார். அப்போது நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வரவு செலவுக் கணக்கு என்பது முப்பது வருடம் கழித்துத்தான் புரிந்தது.

120 மி.லி. இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய அவ்வளவே வந்தால் கணக்கு டாலி. 70 மி.லி. மட்டும் வந்தால் எங்கோ கசிவு, ஆயில் சீலைப் பார்க்க வேண்டும். கூடுதலாக வந்தால், ஒன்று போன தடவை அதிகம் ஊற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அடுத்து நிறம். தேன் நிறமோ கொஞ்சம் கறுத்தோ இருந்தால் சரி. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர். புது ஆயிலை ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் வடித்து, தெளிவாக வரும்வரை மாற்ற வேண்டும். ஒரு துளியை விரல்களுக்கு நடுவே தேயுங்கள். மிக நுண்ணிய மினுமினுப்பு சகஜம், பல்சக்கரம் தேய்வது இயற்கை. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சீவலோ துண்டோ இருந்தால் மூடிவிட்டு ஓட்டாதீர்கள், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

இதை யாராவது 2023 டிசம்பரில் பார்த்திருந்தால் என் பேரனுக்கு அந்த மூன்று தையல் விழுந்திருக்காது.

பிறகு அடி போல்ட்டைப் புது வாஷரோடு போடுங்கள். முதலில் கையாலேயே மூன்று நான்கு சுற்று திருகிவிட்டு அப்புறம்தான் ஸ்பேனர். பெட்டி அலுமினியம், மென்மையானது. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஊற்றுவதற்கு நான் மருந்துக் கடையில் ஒரு பெரிய சிரிஞ்சும் சின்ன டியூபும் வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு உள்ளே போனது என்று சிரிஞ்சே கணக்குச் சொல்லும். பல வண்டிகளில் ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டால் அளவு சரி. வண்டி நேராக நிற்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

"கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டால் என்ன?" என்று தோன்றும். ஊற்றாதீர்கள். அதிகமானால் நுரைக்கும், சூடாகும், சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீலுக்கு அடுத்து இருப்பது பின் பிரேக். பிரேக் ஷூவில் ஆயில் பட்டால் பிரேக் பிடிக்காது. குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கேஷ் கவுண்டரில் பணம் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு இல்லையா, அதே மாதிரி.

எந்த ஆயில் என்பதைக் கையேட்டில் பார்த்து வாங்குங்கள். சில வண்டிகளுக்கு இன்ஜின் ஆயில் வகையையே சொல்லியிருப்பார்கள், சிலவற்றுக்கு 80டபிள்யூ-90 போன்ற கியர் ஆயில். 90 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். கியர் ஆயிலுக்கு எண்ணிடும் முறை வேறு. கியர் ஆயிலில் 90 என்பது இன்ஜின் ஆயிலில் 40, 50 என்பதன் கெட்டித்தன்மைக்குப் பக்கத்தில் வரும். ஜி.எல்-4, ஜி.எல்-5 என்றும் டப்பாவில் போட்டிருக்கும். ஜி.எல்-5 அதிக அழுத்தத்துக்கானது. ஷாஃப்ட் வண்டிகளின் ஃபைனல் டிரைவுக்கு அதுதான் வேண்டும். ஆனால் பித்தளை, வெண்கலப் பாகங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸ்களில் அது அந்த உலோகத்தை அரிக்கலாம். எண் பெரியதாக இருந்தால் உசத்தி என்று நினைத்து வாங்காதீர்கள்.

கடைசியாக, வடித்த ஆயில். அதைத் தயவுசெய்து பார்க்கிங் சாக்கடையில் கொட்டாதீர்கள். அது நேராக நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகும். அங்கே கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள். ஆயில் படர்ந்தால் அவை பிழைக்காது. தொட்டி நாறினால் பராமரிப்புச் செலவு நம் தலையில்தான். 2016-இல் வந்த மத்திய அரசின் விதிகளிலும் பயன்படுத்திய ஆயில் அபாயகரமான கழிவுப் பட்டியலில்தான் இருக்கிறது. பழைய டப்பாவில் ஊற்றி மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

நான் வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்து, போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாற்றுகிறேன். வடித்த ஆயிலைப் போகி நெருப்பில் போடலாமா என்று பேரன் கேட்டான். கூடாது என்று அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சர்வீஸுக்கு விடுபவர்கள் என்ன செய்வது? ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "கியர் ஆயில் எவ்வளவு வந்தது, என்ன நிறத்தில் இருந்தது?" பதில் சொல்ல முடிந்தால் மாற்றியிருக்கிறார்கள். அப்புறம் பில்லை வரி வரியாகப் படியுங்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கேள்வி-பதில்

ஏ பிளாக் மாமி: "பெட்டியை நானே திறக்க எனக்குப் பயமா இருக்கு. உறுமல் வந்தா மட்டும் பார்த்தா போதாதா?"

உறுமல் வந்தால் அநேகமாகச் சேதம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், மாமி. சர்க்கரை ஏறி மயக்கம் வரும்வரை ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று இருப்போமா? நீங்கள் திறக்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள், அது போதும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தால் உடனே காட்டுங்கள்.

சி பிளாக் தம்பி: "எங்க வீட்ல எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் அங்கிள். எங்களுக்கு இது எதுவும் இல்லைதானே?"

சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருந்தால் இல்லை. சில வண்டிகளில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே கியர் பெட்டி வைக்கிறார்கள். அதற்குள் ஆயில் இருக்கலாம். கையேட்டைப் பார்த்துவிடுப்பா.

செயலாளர்: "2023 வெள்ளத்தில் நின்ற வண்டிகள் இன்னும் சில பேஸ்மென்ட்டில் இருக்கின்றன. அதற்குப் பிறகு இந்த ஆயிலை மாற்றினோமா என்று தெரியாதவர்கள் என்ன செய்ய?"

தெரியாது என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு பி பிளாக் பார்க்கிங்கில் ஸ்பேனர், சிரிஞ்ச், அளவு ஜாடியோடு இருப்பேன். ஆயிலும் வாஷரும் உங்கள் வண்டிக்கு ஏற்றதாக நீங்கள் வாங்கி வாருங்கள், கையேட்டையும் எடுத்து வாருங்கள். போல்ட் கழற்றுவது என் மருமகள். எங்கள் வீட்டில் இப்போது அது அவள் டிபார்ட்மென்ட். நான் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று நோட்டில் எழுதுவேன். அந்த வேலைதான் எனக்கு ஒழுங்காக வரும்.